இருபத்தெட்டாம் நாள், நலம்

எங்கள் இரும்புலியூர் தெருவுக்கு வரும் சுகாதார நர்ஸ் சுந்தரவல்லிக்கு நாயைக் கண்டால் பயமில்லை. குடித்துவிட்டுக் கத்தும் ஆண்களைக் கண்டாலும் பயமில்லை. அவரைப் பயமுறுத்தியது ஓர் எண். நாற்பத்திரண்டு.

பிள்ளை பெற்று நாற்பத்திரண்டு நாளுக்குள், அந்தப் பிள்ளைப்பேறு காரணமாகத் தாய் இறந்தால் அது பிரசவச் சாவு. லாரியில் அடிபட்டால் சேராது. லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் இப்படி எத்தனை தாய்மார் போனார்கள் என்று அரசாங்கம் கணக்குப் போடும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். எனக்கு முழுசாகப் புரிந்த கணக்கு இது ஒன்றுதான். பிள்ளை பெற்ற ஒவ்வொருத்திக்கும் சுந்தரவல்லி தன் நோட்டில் நாள் எண்ணுவார். நாற்பத்து மூன்றாம் நாள் வந்தால்தான் அவருக்கு மூச்சு வரும்.

ஒரு தடவை நைட்டிக்குள் தலையணையைக் கட்டிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி அவர் முன் போய் நின்றேன். அவர் சிரிக்கவில்லை.

"எத்தனை மாசம்டி?" என்று கேட்டுக்கொண்டே பையிலிருந்து ஊசியை எடுத்தார். நான் ஓடிய ஓட்டத்தில் நடுத்தெருவில் தலையணை பிரசவமாகிவிட்டது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், என் அண்ணன் குணாவின் மனைவி அஞ்சலி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். ஆண் குழந்தை, சுகப்பிரசவம். குப்பத்து நர்ஸ் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். பிரசவ அட்டையில் விலாசம் இரும்புலியூர் என்று இருந்ததால், மீதியை இந்தப் பக்கம் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்.

இந்தப் பக்கம் என்றால் சுந்தரவல்லி. இருபத்தெட்டாம் நாள் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றபோது நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"உங்க அண்ணி எப்படி இருக்கா?"

"அவங்களுக்கு இன்னா நர்சம்மா? வவ்வா மீனு கொயம்பா துன்னுட்டு, சூப்பரா கீறாங்க. நீங்கதான் எளச்சிப் பூட்டீங்க."

அவருக்கு அன்று இன்னும் பதினோரு வீடு பாக்கி. கோவளம் போய்வர ஒரு நாள் போய்விடும். நோட்டை எடுத்தார். 'நேரில் பார்த்தேன், நலம்' என்று எழுதினார். தாய்வீடு போன பெண்களுக்கு எல்லா நர்சுகளும் அப்படித்தான் எழுதுவார்களாம்.

நான் அண்ணியைப் பார்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது. போனில்கூடப் பேசியிருக்கவில்லை.

முப்பத்தொன்பதாம் நாள் அஞ்சலி செத்துப்போனாள்.

அந்த வருஷம் ஊரெல்லாம் சிக்குன்குனியா. கடைசி இரண்டு நாள் உடம்பு சுட்டதால் 'காய்ச்சல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாங்களும் நம்பினோம்.

செத்த ஆறாம் நாள் சுந்தரவல்லி வந்தார். என் அம்மா முத்தாலம்மாளிடம் துக்கம் கேட்டுவிட்டு, என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போனார்.

"அன்னிக்கு நீ சொன்னியே. நேர்ல பாத்தியா?"

"இல்ல நர்சம்மா."

"போன்ல?"

"இல்ல."

"அப்புறம்?"

"சும்மா சொன்னேன்."

அறைவார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் தண்ணி டிரம் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நானும் சும்மாதான் எழுதினேன்" என்றார்.

விஷயத்தை மெதுவாகச் சொன்னார். செத்தது அந்த ஊரில், அதுவும் காய்ச்சலில். நம் ஏரியாவில் இந்த வருஷம் ஒரு பிரசவச் சாவுகூட இல்லை, அப்படியே இருக்கட்டும் என்று அவருக்கு மேலே இருப்பவர் சொல்லியிருக்கிறார். குப்பத்து நர்சும் எழுதப்போவதில்லை. அஞ்சலி குழந்தை பெற்ற தேதியும் செத்த தேதியும் சேர்ந்து கிடப்பது இவர் நோட்டில் மட்டும்தான்.

"வுட்டுடுங்க நர்சம்மா. யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். என் பயம் எனக்கு.

"விட்டா உங்க அண்ணி காய்ச்சல்ல போனவங்களோட போயிடுவா. ஏன் செத்தான்னு யாருமே கேக்க மாட்டாங்க."

"எழுதினா?"

"கேப்பாங்க. மொதல்ல என் நோட்டைத்தான் கேப்பாங்க."

அவர் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுக்கை. இந்த ஒரு வேலையில்தான் வீடு ஓடுகிறது. இருபத்திரண்டு வருஷ சர்வீசில் ஒரு மெமோகூட வாங்காதவர்.

மறுநாள் அவர் பிரசவச் சாவு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

விசாரணை காஞ்சிபுரத்தில். செத்தவள் வீட்டாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். நானும் குணாவும் ஒரு பக்கம். அஞ்சலியின் அம்மா எதிரில், மடியில் குழந்தையோடு. பெரிய அதிகாரி நோட்டைப் புரட்டினார்.

"இருபத்தெட்டாம் நாள் நலம்னு இருக்கு. நேர்ல பாத்தீங்களா?"

சுந்தரவல்லி எழுந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "இல்ல சார். பாக்காமதான் எழுதினேன்" என்றார்.

"பின்ன, யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

நானும் எழுந்தேன்.

"நான்தான் சார் சொன்னேன். வெளாட்டுக்கு."

குணா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியவில்லை.

அதிகாரி என்னைத் திட்டவில்லை. அஞ்சலியின் அம்மா பக்கம் திரும்பி, "அந்த நாள்ல உங்க பொண்ணுக்கு என்ன பண்ணிச்சும்மா?" என்று கேட்டார்.

"காலு வீங்கிக்கினு இருந்துச்சி சாமி. படுத்தா மூச்சு வாங்கும். ரெண்டு தலவாணி வச்சி ஒக்காந்தமேனிக்கே தூங்குவா. பச்ச ஒடம்பு, அப்டிதான் இருக்கும்னு வுட்டுட்டோம்."

ஒரு டாக்டரம்மா தலையை உயர்த்தினார். இது காய்ச்சல் இல்லை, பிரசவத்தை ஒட்டி இதயம் பலவீனமாகிற நோயாகத் தெரிகிறது, வீக்கத்தை யாராவது பார்த்திருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாம் என்றார். காகிதத்தில் 'காய்ச்சல்' என்பதை அடித்துத் திருத்தினார்கள். அஞ்சலி கணக்கில் சேர்ந்தாள்.

சுந்தரவல்லிக்கு மெமோ. வேலை இருக்குமா என்பது பிறகு தெரியுமாம்.

திரும்பும் பஸ்ஸில் குணா வேறு சீட்டில் போய் உட்கார்ந்தான். தாம்பரத்தில் இறங்கியதும் சுந்தரவல்லி வீட்டுப் பக்கம் போகாமல் வேறு பஸ்ஸுக்கு நின்றார். எங்கள் பின் தெரு மிருதுளா பிள்ளை பெற்றுப் பள்ளிக்கரணையில் தாய்வீட்டில் இருக்கிறாள், பதினாறாம் நாள். நானும் ஏறினேன்.

மிருதுளா ஜன்னலிலிருந்தே சிரித்தாள். "நல்லா இருக்கேங்க. இதுக்காகவா இவ்ளோ தூரம்?"

"கதவைத் திற. காலைக் காட்டு."

கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். வீக்கம் இருந்தால் குழி அப்படியே நிற்குமாம். நிற்கிறதா என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். சதை உடனே நிமிர்ந்துகொண்டது.

"சரி. அடுத்த கால்" என்றார் சுந்தரவல்லி.