சிவப்புக்குப் போன முள்

போன வாரம் தங்கை மகனின் புதுக் காரை ராஜபாளையம் வரை ஓட்டிப் பார்த்தேன். மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரை. மழைக்கு விளக்கைப் போட்டதும் அதில் மஞ்சளாக ஒரு படம் எரிந்தது. டீக்கெண்டியா, கப்பலா, தெரியவில்லை. ஓரங்கட்டி இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி ஏறினேன். இறங்கி என்ன பார்த்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். போனில் மருமகன், "ஒண்ணுமில்ல மாமா, அது சும்மா அப்படித்தான் காட்டும்" என்றான்.

நனைந்த ரோட்டு வாசனையில் என் பழைய வேன் நினைவுக்கு வந்துவிட்டது. அப்போது அதில் பேண்டேஜ் துணிக் கட்டுகள் ஏற்றி ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி முதல் வருஷம். மனைவி மேரி தலைப்பிரசவத்துக்கு வத்திராயிருப்பில் தாய்வீட்டில் இருந்தாள். அவளைப் பார்க்கப் போயிருந்த ஒரு மத்தியானம் வலி கண்டது. அவளை முன்சீட்டில் உட்காரவைத்து, மாமியாரைப் பின்னால் துணிக் கட்டுகளின் மேல் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

பாதி வழியில் வானம் கறுத்து மழை பிடித்தது. ஹெட்லைட்டைப் போட்டேன். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மளமளவென்று சிவப்புக்குப் போனது. பதறி நிறுத்தி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். கொதிப்பே இல்லை. கிளப்பினால் முள் நல்ல பிள்ளையாகக் கீழே கிடந்தது. லைட்டைப் போட்டு நகர்ந்தால் மறுபடி சிவப்பு. பாதி டேங்க் டீசல்தான் இருந்தது. பக்கத்து டீசல் முள்ளோ டேங்க் நிறைந்துவிட்டது என்றது. ஓட ஓட டீசல் கூடுமா? நம்புங்கள், அந்த மழையில் நான் இதை உட்கார்ந்து யோசித்தேன்.

மேரி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அந்த முள்ளப் பாக்காதிய. ரோட்டப் பாருங்க."

என் தோளிலிருந்த துண்டை உருவி மீட்டர் மேல் போட்டு மூடினாள். அப்படியே ஓட்டினேன். போய்ச் சேர்ந்த அரைமணி நேரத்தில் மகள் பிறந்தாள்.

மறுவாரம் ராஜபாளையத்தில் எலெக்ட்ரீசியன் சுப்பையாவிடம் போனேன். "மீட்டர் போர்டே போச்சு அண்ணாச்சி, மாத்திருவோம்" என்று, பழைய இரும்புக்கு உடைத்த வண்டி ஒன்றில் கழற்றிய போர்டை மாட்டினார். லைட்டைப் போட்டதும் அதன் முள்ளும் சிவப்புக்கு ஓடியது. அவர் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து வெகுநேரம் துழாவினார்.

"போர்டு மேல குத்தமில்ல. எர்த் வயரு துருப்புடிச்சுக் கெடக்கு. லைட்டு போட்டா முள்ளு பொய் சொல்லுது."

துருவைச் சுரண்டி முறுக்கினார், சரியாகிவிட்டது. பழைய போர்டையே திரும்ப மாட்டச் சொல்லும் புத்தி எனக்கு வரவில்லை. சில மாதம் கழித்துத்தான் கவனித்தேன், மாற்றி மாட்டிய போர்டில் இருந்த கிலோமீட்டர் யாரோ ஒருவருடைய வண்டி ஓடியது. என் பழைய போர்டைக் கேட்டுச் சுப்பையாவிடம் ஓடினேன்.

"அத தளவாய்புரத்து வண்டி ஒண்ணுல மாட்டியாச்சே. என்ன செய்ய?"

என்ன செய்ய? அந்தப் பழைய போர்டின் கிலோமீட்டர் கணக்கில், வத்திராயிருப்பிலிருந்து நாங்கள் மழையில் வந்த தூரமும் இருந்தது. முகம் தெரியாத ஒருவர் அதன் மேல் தன் தூரத்தை ஓட்டிச் சேர்த்திருப்பார். இந்நேரம் அந்த வண்டியையும் உடைத்திருப்பார்கள்.