நின்ற இயந்திரத்துக்கு அஞ்சியவர்

நாளை காலை எங்கள் தச்சுப் பட்டறையின் பலகை சீவும் இயந்திரத்தை யாருடைய கையில் ஒப்படைப்பது? எனக்குத் தெரியவில்லை. நான்கு வருடங்களாக இந்தக் கேள்வி எழவே இல்லை. அதற்கென்று ஒருவர் இருந்தார். இன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் அவரை அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறார்கள். அவருடன் வேலை செய்தவர்களும், அவரிடம் கதவு, யன்னல் செய்வித்தவர்களும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணியளவில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரணம் சொல்லும் ஜனாஸா அறிவித்தல் வந்தது. மருதமுனையில் சின்னலெவ்வை என்ற பெயரில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஆகவே அறிவித்தவர் தகப்பன் பெயரையும் தெருவையும் சொல்லிவிட்டு, "மெசின் சின்னலெவ்வை என்று அழைக்கப்படுபவர்" என்றும் சேர்த்தார். பட்டறையில் அப்போது மரம் அறுக்கும் வாள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பாண்டிருப்பிலிருந்து வேலைக்கு வரும் புவனேந்திரன் அதை நிறுத்தினார். நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று அழைப்பவர் இன்று ஏன் சுணங்குகிறார் என்று சற்று முன்தான் இருவரும் கதைத்திருந்தோம். விடிகாலை சுபஹு தொழுதுவிட்டு வந்தவர் நெஞ்சு நோகிறது என்று படுத்தாராம். அவ்வளவுதான்.

மரணம் நடந்த மையித்து வீட்டில் பெண்கள் கூடியிருந்த அறையில் அவருடைய மனைவி என்னைக் கண்டதும் எழுந்து போய் ஒரு சிறிய பொருளைக் கொண்டுவந்தார். கைலேஞ்சியில் சுற்றியிருந்தது. பீங்கான் பிடி வைத்த பியூஸ் கட்டை.

"அவர்ர சட்டைப் பைக்குள்ள கிடந்திச்சி மிஸ். கரண்டுச் சாமான். ஊட்டுக்குள்ள வச்சிக்கப் பயமா இரிக்கி. நீங்க கொண்டு போங்க."

அது வெறுமனே கிடந்தால் ஒன்றும் செய்யாது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கட்டை ஏன் அவருடைய சட்டைப் பையில் கிடந்தது என்பது அவருடன் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் மின்சாரம் சொல்லாமல் போகும், சொல்லாமல் வரும். பலகை பாதி உள்ளே போயிருக்கும்போது மின்சாரம் போனால் இயந்திரம் நின்றுவிடும். நின்றதும் மனிதனுக்குக் கை நீளும். உருளைகளுக்கிடையே அடைத்த சீவலை இழுத்துவிடலாம், அலகைத் தொட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும். மின் ஆளியை, அதாவது சுவிட்சை, மூட மறந்திருப்பான். மின்சாரம் திரும்பி வரும். சின்னலெவ்வை காக்கா முன்பு கடலோரத்தில் மரம் அறுத்து விற்ற மரக்காலையில் அவருடைய மச்சான் ஒருவர் இப்படித்தான் மூன்று விரல்களை இழந்தார். அதன் பிறகு காக்கா மின்சாரம் போனாலும், அலகு மாற்றினாலும், தொழப் போனாலும் முதலில் ஆளியை மூடுவார், பிறகு பியூஸ் கட்டையைக் கழற்றிப் பைக்குள் போடுவார். வீட்டுக்கும் கொண்டு போய்விடுவார்.

"ஓடுற மெசினுக்கு எல்லாரும் பயப்படுவாங்க மிஸ்," என்று ஒரு முறை சொன்னார். "நிண்ட மெசின்தான் கைய எடுக்கும்."

அந்த மரக்காலை சுனாமியோடு போயிற்று. அவருடைய மூத்த மகளும் போனாள். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு நாளும் கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

கடல் வந்த அடுத்த வருடம் ஒரு உதவி நிறுவனம் இந்தப் பட்டறையைத் தொடங்கியது. வீடிழந்தவர்களுக்குக் கதவும் யன்னலும் செய்வதற்கு. பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தவள் என்பதால் என்னை முகாமையாளராக வைத்தார்கள். மரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இயந்திரத்தோடு வந்த கைந்நூலைத் தமிழில் எழுதித் தரும்படி சின்னலெவ்வை காக்கா கேட்டார். எப்படி ஓட்டுவது என்ற பகுதியிலிருந்து தொடங்கினேன். அவர் தாளைத் திருப்பித் தந்தார்.

"ஓட்டுறது எனக்குத் தெரியும். எப்ப ஓட்டக் கூடா எண்டு எழுதுங்க."

எழுதினேன். இரண்டு உருளைகளுக்கு இடையிலான தூரத்தை விடக் குட்டையான பலகையைப் போடக் கூடாது, அது உள்ளே குத்திட்டு நின்று திரும்பி அடிக்கும். பலகைக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது. குனிந்து வாய்க்குள் பார்க்கக் கூடாது. ஒரே இழுப்பில் ஆழமாகச் சீவக் கூடாது. மேலும் சில கூடாதுகள் கைந்நூலில் இல்லை, அவரே சேர்த்தார். இடுப்பில் கட்டிய சாரனோடு கிட்ட வரக் கூடாது. தச்சர்களான ஓடாவிமார் பலர் வாழ்நாள் முழுவதும் சாரனோடு வேலை செய்தவர்கள், முணுமுணுத்தார்கள். அவர் தன்னுடைய சாரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, உள்ளே போட்டிருந்த காற்சட்டையோடு நின்றார். "மானம் போகல்ல, பாத்தீங்களா?" என்றார்.

நான் முதல் தடவை அருகே போனபோது என் முக்காட்டின் நுனி தோளிலிருந்து தொங்கியது. உடனே கையை நீட்டி மறித்தார்.

"மிஸ், அத எடுத்துச் சொருகுங்க. மெசினுக்கு மஹ்ரம் கிஹ்ரம் ஒண்டும் தெரியாது. சொந்தமா அந்நியமா எண்டு பாத்து இழுக்காது."

ஓடாவிமார் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் அன்று முதல் முக்காட்டை ஊசி குத்தியே பட்டறைக்குள் போவேன்.

ஒரு முறை நிறுவனத்திலிருந்து வந்தவர் எல்லாருக்கும் தோல் கையுறை கொண்டுவந்தார். சின்னலெவ்வை காக்கா நன்றி சொல்லி வாங்கி, அவற்றைப் பழைய மரத்திலிருந்து ஆணி பிடுங்கும் பெண்களுக்குக் கொடுத்துவிட்டார். இயந்திரத்தில் நிற்பவர்கள் ஏன் அணியவில்லை என்று வந்தவர் கேட்டார். வெறும் விரலில் உருளை பட்டால் தோல்தான் கிழியும், கையுறையில் பிடித்தால் தோள் வரை இழுக்கும் என்று காக்கா சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். வந்தவர் தலையாட்டிவிட்டுப் போய், பாதுகாப்புப் பற்றிய அக்கறை போதாது என்று அறிக்கை எழுதினார். அதை வாசித்துக் காட்டியபோது காக்கா, "எழுதட்டும். அவர்ர கை அவரோடதான் போயிரிக்கி," என்றார்.

இனிச் சொல்லப்போவதை நான் இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

அந்த நாட்களில் இடிந்த வீடுகளின் மரம்தான் அதிகம் வந்தது. உள்ளே முறிந்த ஆணிகள் இருக்கும். அலகு ஆணியில் பட்டால் அலகின் துண்டு எந்தத் திசையில் பறக்கும் என்று சொல்ல முடியாது. காக்காவிடம் பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த பெரிய காந்தம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பலகையையும் இரண்டு பக்கமும் அதனால் தடவாமல் உள்ளே விடமாட்டார். ஒரு நாள் சாய்ந்தமருதிலிருந்து மீன்பிடிகாரர் ஒருவர் தன் உடைந்த தோணியின் பலகைகளை வண்டியில் கொண்டுவந்தார். வீட்டு வாசலுக்குக் கதவு வேண்டுமாம்.

"இந்த மரத்தக் கடலும் கொண்டு போகல்ல மிஸ். வாசல்லயாவது கிடக்கட்டும்."

காக்கா காந்தத்தால் தடவினார். எதுவும் பிடிக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். ஒரு பலகையில் சிறு துளையைச் சுற்றிப் பச்சைக் கறை தெரிந்தது. செம்பில் களிம்பு ஏறினால் அந்த நிறம் வரும், செம்பைக் காந்தம் பிடிக்காது. இரண்டும் எனக்குத் தெரியும். அவரும் கண்டிருப்பார், இத்தனை வருட அனுபவம் உள்ளவருக்கு நான் சொல்லவா என்று நினைத்தேன். வாய் திறக்கவில்லை.

உப்புத் தண்ணீரில் இரும்பு துருப்பிடிக்கும் என்று தோணிக்குச் செப்பாணி அடிப்பார்கள். மீன்பிடிகாரருக்கு அது தெரியும், ஆனால் இயந்திரத்தைப் பற்றித் தெரியாது. காக்கா வீட்டு மரத்தோடு வாழ்ந்தவர், தோணி மரத்தை அறியார். இரண்டையும் சேர்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்.

பலகை உள்ளே போனதும் சத்தம் வெடித்ததைப் போல வந்தது. அலகின் துண்டு ஒன்று, மறுபக்கத்தில் பலகையை வாங்கிக்கொண்டிருந்த புவனேந்திரனின் மேற்கையைக் கிழித்துக்கொண்டு போய்த் தகரத்தில் குத்தி நின்றது. விதிப்படி அவர் பக்கவாட்டில் நின்றிருந்தார். நேரே நின்றிருந்தால் கழுத்து. ஆஸ்பத்திரியில் ஆறு தையல் போட்டார்கள்.

மறுநாள் காக்கா அந்தப் பலகையை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"மிஸ், காந்தம் செம்பப் பிடிக்காதெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம்."

"இந்தப் பச்சையக் கண்டீங்களா?"

"ஓம்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"உங்களுக்கும் தெரியும் எண்டு நெனச்சன்."

அவர் ஏசவில்லை. பலகையின் துளையை விரலால் ஒரு முறை தடவினார்.

"அந்த மெசினுக்கு முன்னால ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியும் எண்டு நெனைக்காதீங்க. கண்டதச் சொல்லுங்க. நான் கண்டிட்டன் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சாலும் சொல்லுங்க."

அன்று முதல் அது பட்டறையின் வழக்கமாயிற்று. பலகை உள்ளே போகுமுன் சுற்றி நிற்பவர் ஒவ்வொருவரும் கண்டதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடிச்சு, வெடிப்பு, ஈரம், துளை. முதலில் எல்லாருக்கும் கூச்சமாக இருந்தது. கை ஆறித் திரும்பிய புவனேந்திரன் அதையே பகிடியாக்கினார். "காக்கா, உங்கட மூக்கில மரத்தூள்." காக்கா முகம் மாறாமல், "ஓம், கண்டன்," என்பார்.

யுத்தத்தின் கடைசி வருடத்தில் ஒரு காலை புவனேந்திரன் சிவந்த கண்களோடு வந்தார். முந்தின இரவு பாண்டிருப்பில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு. ஆண்களை விடியும் வரை மைதானத்தில் உட்கார வைத்திருந்தார்கள். காக்கா அவரைப் பார்த்ததும், "நித்திரை இல்ல," என்றார். கேள்வியாக அல்ல, பலகையில் கண்டதைச் சொல்வது போல.

"இல்லதான். ஆனா கண் தெரியிது காக்கா."

"கண் தெரியும், மரம் தெரியாது. போய்ப் படு தம்பி."

சீவல் மூட்டைகளின் மேல் மதிய லுஹர் பாங்கு வரை அவர் தூங்கினார். அந்த நேரம் முழுவதும் காக்கா இயந்திரத்தைப் போடவில்லை. அலகுகளின் பிசினைச் சுரண்டித் துடைத்து, மேசைக்கு மெழுகு தேய்த்து, மரையாணிகளை ஒவ்வொன்றாக எண்ணி இறுக்கிக்கொண்டிருந்தார். கடற்காற்றில் அந்த இரும்பு ஒரு வாரம் கூடத் தாங்காது. தினமும் செய்ய வேண்டிய வேலை. அன்று அதை வழக்கத்தை விட நிதானமாகச் செய்தார்.

அவரை அச்சமற்றவர் என்று இன்று மையித்து வீட்டில் சிலர் சொன்னார்கள். நான் பார்த்தவர் எப்போதும் பயத்தோடு இருந்தவர். என் அறையில் இருக்கும்போது இயந்திரத்தின் சத்தம் சற்று மாறினாலே நான் எழுந்துவிடுவேன். கதவடிக்கு வரும்போது அவர் ஏற்கனவே ஆளியை மூடியிருப்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பயத்தையும், கண்டதைச் சொல்ல வேண்டும் என்ற கட்டளையையும்தான். முதலாவது எனக்கு இலகுவாக வரும். இரண்டாவது வராது.

மேலே உள்ளதை எழுதி வைத்த மறுநாள் நடந்ததையும் பதிந்துவிடுகிறேன்.

சவளக்கடைப் பாடசாலை ஒன்றுக்குச் சனிக்கிழமைக்குள் பன்னிரண்டு கதவுகள் போக வேண்டியிருந்தது. காக்காவைத் தவிர இயந்திரம் ஓரளவு பழகியவர் புவனேந்திரன் ஒருவர்தான். நேரத்துக்கு வந்தார், காற்சட்டையோடு, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துக்கொண்டு. வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு வைத்துக் கட்டிய நூல் இருந்தது. முந்தின நாள் மாலை கோயிலில் கட்டிய காப்பு. முடிச்சுக்கு வெளியே நூல் இரண்டு விரல் நீளம் தொங்கியது. யுத்தம் முடிந்தபின் வடக்கே முகாமில் அடைபட்டிருக்கும் தம்பி வீடு வந்து சேர வேண்டும் என்று இந்த வருடம் தீ மிதிக்க நேர்ந்திருந்தார். நான் ஒரு முஸ்லிம் பெண், அதுவோ அவர் அம்மனுக்கு நேர்ந்து கட்டியது, நான் சொல்லலாமா என்று தோன்றியது. ஓடாவிமாரும் அதைக் கண்டார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை.

"புவனேந்திரன், கைல காப்பு இரிக்கி," என்றேன்.

"ஓம் மிஸ். தெரியும்."

"நூல் தொங்குது. அதோட மெசினுக்குக் கிட்ட நிக்க ஏலாது."

"இது கழட்டக் கூடா மிஸ். தீ மிதிச்சாப் பிறகுதான் அவிழ்க்கலாம்."

"கழட்டச் சொல்லல்ல. மெசின் ஓட வேணாம் எண்டுதான் சொல்றன்."

"சட்டைக் கைய இறக்கி மேல துணியால கட்டினா?"

"துணியையும் இழுக்கும்."

மூத்த ஓடாவி ஒருவர், "ஒரு நூலுக்காகப் பன்னெண்டு கதவா?" என்றார். புவனேந்திரன் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"சவளக்கடைக்கு என்ன சொல்றது?"

"நான் சொல்றன்."

பாடசாலை அதிபருக்குத் தொலைபேசி எடுத்தேன். பிந்தும் என்றேன். எத்தனை நாள் என்று கேட்டார். தீமிதிப்பு முடியும் வரை என்று சொன்னபோது அவர் நன்றாக ஏசினார். கேட்டுக்கொண்டேன். வெளியே வந்தபோது புவனேந்திரன் கைச்சீவுளியை எடுத்துத் தீட்டிக்கொண்டிருந்தார். மூத்த ஓடாவியும் மற்ற இருவரும் ஆளுக்கொரு பலகையை மேசையில் ஏற்றினார்கள். மாலை வரை ஒரு கதவுக்கான பலகைகள்தான் முடிந்தன. இயந்திரம் ஓடவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.