தோயாத பால்

அன்றைக்கு மாட்டுக் கொட்டகையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்பா. மாட்டின் நெற்றியில் கை வைத்தபடி அம்மா. மாட்டு டாக்டர். அவருடைய பெட்டியைத் தூக்கி வந்த உதவியாளர். வெந்நீர்ச் சொம்போடு நான். கட்டுத்தறியில் கன்றுக்குட்டி. அவ்வளவுதான். அத்தை அங்கே இல்லை. அப்பாவுக்கு அக்கா அவள், அடுத்த தெருவில் தனியாக இருந்தாள். அவள் இல்லை என்பதை இன்னொரு தடவையும் சொல்லிவைக்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. ஐயம்பேட்டையில் எங்கள் வீடு. முன்பக்கம் அப்பாவின் தறி, பின்பக்கம் ஒரே ஒரு பசு. தறிக்கூலி பட்டு முதலாளிக்கு மனம் வரும்போது வரும். பால் காசு தினமும் வரும். அதனால் மாட்டுக்கு ஏதாவது என்றால் வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவோம். அந்த ஆடி மாதம் மடியில் ஒரு பக்கம் கல்லாக இறுகிப்போனது. தொட்டால் உதைத்தது. கறந்தால் பால் திப்பி திப்பியாக வந்தது, அதில் லேசான சிவப்பு. அம்மா மஞ்சளையும் சோற்றுக் கற்றாழையையும் அரைத்துப் பூசிப் பார்த்தாள். இரண்டு நாளாக மாடு தீனியில் வாய் வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அப்பா போய் டாக்டரை அழைத்து வந்தார்.

டாக்டர் பேச்சுப் பிரியர். சின்னக் குப்பியில் இருந்த வெள்ளைப் பொடிக்குள் ஊசியால் தண்ணீரை ஏற்றிக் குலுக்கிக்கொண்டே, இதில் இரண்டு மருந்து கலந்திருக்கிறது என்றார். அப்பாவுக்கு எதையும் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

“ரெண்டு எதுக்கு சார்? ஒண்ணு பத்தாதா?”

“ஒண்ணு கிருமியோட செவுத்தை இடிக்கும். இன்னொண்ணு அந்த ஓட்டை வழியா உள்ள பூந்து வேலையைக் காட்டும். அதுக்குப் பேரு ஸ்ட்ரெப்டோமைசின்.”

“உள்ள போயி இன்னா பண்ணும்?”

டாக்டர் நிலைப்படி வழியாக முன்பக்கத்துத் தறியைப் பார்த்தார். எங்கள் தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். ஓட்டை போட்ட அட்டைகள் மாலைபோல் கோத்து அதில் சுற்றி வரும். எந்த இடத்தில் ஓட்டையோ அதற்குரிய இழை மேலே எழும்பும். சேலையில் மயில் விழுவதும் மாங்காய் விழுவதும் அந்த அட்டையைப் பொறுத்தது.

“பெட்டி கெட்டுப்போயி அட்டையைத் தப்பாப் படிச்சா இன்னாப்பா ஆவும்?”

“மயிலு இருக்கற எடத்துல வேற எதுனா வுழும். முதலாளி சேலையை என் மூஞ்சி மேலயே வுட்டெறிவாரு.”

“அதேதான். கிருமியும் இப்படித்தான், அட்டையைப் படிச்சிப் படிச்சித் தன் உடம்பைத் தானே நெய்துக்கினு இருக்குது. இந்த மருந்து அட்டையைத் தொடாது. படிக்கிற பெட்டியில போயி ஒட்டிக்கும். அப்புறம் எல்லாத்தையும் தப்புத் தப்பாப் படிக்கும், தப்புத் தப்பா நெய்யும். அந்தத் துணியையே எடுத்துத் தன் மேல போத்திக்கும். தோலெல்லாம் பொத்தலாப் பூடும். கதை முடிஞ்சிது.”

அப்பா ஊசியை எட்டிப் பார்த்தார். “மாட்டுக்கும் உள்ள பெட்டி இருக்குமே சார்?”

“இருக்குது. ஆனா அது வேற மாடலு, இது அதுல சரியா உக்காராது. அதுக்காக அளவு மீறிடக் கூடாது. கிட்னியைக் கெடுத்துடும், காதைக் கெடுத்துடும். அதான் மெடிக்கல்ல வாங்கி நீங்களே குத்தாதீங்கன்னு வூடு வூடாச் சொல்லிக்கினு இருக்கேன். தண்ணி நல்லாக் காட்டுங்க.”

புண்ணாக்கில் கலந்து கொடுத்தால் ஆகாதா, ஊசி என்றால் மாடு மிரள்கிறதே என்று அம்மா கேட்டாள். வாய்வழியாகக் கொடுத்தால் இந்த மருந்து ரத்தத்தில் சேராது, போனபடியே வெளியே வந்துவிடும் என்றார் டாக்டர். பிறகு, மூன்று நாளைக்கு மூன்று ஊசி, கடைசி ஊசியிலிருந்து ஐந்து நாள் பாலைக் கறந்து கொட்டிவிட வேண்டும், விற்கக் கூடாது, கன்றுக்குக்கூட விடக் கூடாது என்று விரல் விட்டுச் சொன்னார். நானும் கூடவே எண்ணினேன். வியாழனிலிருந்து ஐந்து நாள், செவ்வாய் வருகிறது.

ஊசி இறங்கும்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டு தெருக்கோடி அம்மனிடம் பேசினாள். மடி இளகட்டும், இளகினதும் முதல் பால் உனக்குத்தான் என்றாள். டாக்டர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார், அவர் காதில் விழுந்திருக்காது.

வெள்ளிக்கிழமை மடி இளகிவிட்டது. சனிக்கிழமை விடியலில் அம்மா கறந்த பால் நுரைத்துக்கொண்டு, சங்கு நிறத்தில், ஒரு திப்பி இல்லாமல் இறங்கியது. மறுநாள் எங்கள் தெருவில் கூழ் வார்த்தல். கூழ் கரைக்கத் தயிர் வேண்டும்.

“டாக்டரு அஞ்சி நாளுன்னாரே,” என்றார் அப்பா.

“காய்ச்சினா எல்லாம் போயிடும். அம்மனுக்கு நேந்துக்கினதை மண்ணுல கொட்டச் சொல்றீங்களா?”

அப்பா தறிக் குழியில் இறங்கி நெய்ய உட்கார்ந்துவிட்டார். அம்மாவை இன்றைக்கும் என்னால் பேராசைக்காரி என்று சொல்ல முடியவில்லை. அந்தப் பாலில் ஒரு சொட்டைக்கூட அவள் விற்கவில்லை. மாட்டைப் பிழைக்க வைத்தது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, கொடுக்க வேண்டியவளுக்குக் கொடுத்தாள். காய்ச்சினாலும் அசையாத மருந்து ஒன்று இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. டாக்டரும்தான் அதைச் சொல்லாமல் போனார்.

அந்த வருஷம் தயிர் தோய்க்கும் வேலை அத்தைக்கு வந்திருந்தது. இது சின்ன விஷயம் இல்லை. கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து அவள் திரும்பி வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. பட்டு நூல் இழைத்துத் தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொண்டாள். ஆனால் தெருத் திருவிழாவில் அவளுக்குக் கோலம் போடுவதும் பாத்திரம் துலக்குவதும் மட்டும்தான். அடுப்புப் பக்கம் விடமாட்டார்கள். வழக்கமாகத் தோய்க்கிற அம்மாள் மகள் பிரசவத்துக்குப் போய்விட்டதால், வேறு ஆள் கிடைக்காமல், தர்மகர்த்தா அரை மனதாகச் சரி என்றார். அத்தை அண்டாவை மூன்று தடவை புளி போட்டுத் துலக்கினாள். நான் அருகில் இருந்து பார்த்தேன். மூன்றாவது தடவை அதில் தேய்க்க ஒன்றுமே இல்லை.

காலைப் பாலையும் மாலைப் பாலையும் நான்தான் தூக்கிப் போனேன். அண்டாவில் முக்கால்வாசி எங்கள் மாட்டுப் பால். அத்தை காய்ச்சி, விரலை விட்டுச் சூடு பார்த்து, உறை ஊற்றி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டினாள். எனக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னால் அத்தைக்குக் கிடைத்த வேலை போய்விடுமே, அம்மா அடிப்பாளே என்றும் இருந்தது. போதாததற்கு அன்று காலை அம்மா எனக்கும் அரை டம்ளர் பால் கொடுத்திருந்தாள், நான் குடித்துவிட்டிருந்தேன். டாக்டர் காது என்று சொன்னது நினைவுக்கு வந்து, மாலை முழுக்கக் காதைப் பொத்தியும் திறந்தும் நாலு வீட்டுத் தறிச் சத்தமும் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் போனால் ரத்தத்தில் சேராது என்று அதே டாக்டர் சொன்னது மட்டும் நினைவுக்கு வரவில்லை. பயப்பட வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்ளும் புத்தி எனக்கு அப்போதே இருந்தது.

ஞாயிறு காலை துணியை அவிழ்த்தார்கள். கரண்டியை விட்டால் தண்ணீரில் விட்ட மாதிரி இறங்கியது. ஆடிப் புழுக்கத்தில், ஒரு ராத்திரி முழுக்க வைத்தும், பால் பாலாகவே இருந்தது. புளிப்பு வாசனைகூட இல்லை.

கூழ்ப் பானைகள் வரிசையாக இருந்தன. செம்பும் குண்டானுமாக ஜனம் நின்றிருந்தது. தெருவில் இப்படி நடந்ததே இல்லை என்றார் தர்மகர்த்தா. வரிசையிலிருந்த ஒரு பெண் மெதுவாகத்தான் சொன்னாள்.

“புருஷன் வூட்ல ஒட்டாதவ ஊத்தினா உறை மட்டும் ஒட்டுமா?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அத்தை அண்டாவைப் பார்த்தபடியே நின்றாள்.

“குளிச்சிட்டுத்தான் ஊத்தினேன். சுத்தமாத்தான் இருந்தேன்.”

“நீ சுத்தம்னா பாலு ஏம்மா தோயல?” என்றார் தர்மகர்த்தா.

அது ஊசி போட்ட மாட்டின் பால் என்று தெரிந்த மூன்று பேர் அங்கே இருந்தோம். அப்பா தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பிடி இறுகவில்லை, தளரவும் இல்லை. கடைத்தெருவுக்கு ஆள் ஓடி பாக்கெட் தயிர் வாங்கி வந்தார்கள், கூழ் வார்த்தார்கள். அம்மன் காரியத்தைக் கெடுத்தவர்கள் தண்டம் கட்ட வேண்டும் என்பது தெரு வழக்கம். அத்தைக்குத் தண்டம் போட்டார்கள்.

அன்று மதியம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள்.

“ஒரு டம்ளர் பாலு இருந்தா குடும்மா,” என்றாள் அம்மாவிடம்.

“இன்னாத்துக்கு அண்ணி?”

“காப்பிக்குத்தான்.”

அம்மா உள்ளே போய்க் கொண்டுவந்து கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் சொல்ல வேண்டுமே.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் டம்ளரை வாங்கி வரச் சொன்னாள் அம்மா. அத்தை வீட்டு ஜன்னலில் இரண்டு டம்ளர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று அவளுடையது, மற்றது எங்களுடையது. அத்தை முதலில் தன் டம்ளரைச் சாய்த்தாள். பாக்கெட் பாலில் தோய்த்த தயிர், சுவர்போல் நின்றது. பிறகு எங்கள் டம்ளரைச் சாய்த்தாள். பால் விளிம்புக்கு ஓடி வந்தது.

“ரெண்டுக்கும் ஒரே உறைதான் பாப்பா. ஒரே நேரத்துலதான் ஊத்தினேன்.”

நான் எங்கள் டம்ளருக்காகக் கையை நீட்டினேன்.

“மாட்டுக்கு ஊசி எதுனா போட்டாங்களா?”

“இல்ல அத்தை.”

“சரி.”

அவள் எங்கள் டம்ளரைச் சாக்கடையில் கவிழ்த்து, கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தாள். தன் டம்ளர் தயிரில் சர்க்கரை போட்டு எனக்கே தந்தாள். நான் முழுவதையும் சாப்பிட்டேன். வழியெல்லாம் எனக்கு நிம்மதி. ஒரு பெரிய மனுஷியை ஏமாற்றி வீட்டைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலமே அத்தை தண்டப் பணத்தைக் கட்டிவிட்டாள் என்று தெரிந்தபோதும், அவள் நம்பிவிட்டாள், அதனால்தான் கட்டினாள் என்றே எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்த ஆடியிலும் அவளை அடுப்புப் பக்கம் விடவில்லை. எங்கள் மாட்டுப் பாலுக்கு ஒரு வாடிக்கையும் குறையவில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இப்போது தாமல் பக்கம் ஒரு பால் சேகரிப்பு மையத்தில் வேலை. மருந்து கலந்த பாலைக் கண்டுபிடிக்க அங்கே ஒரு சோதனை உண்டு. சின்னக் குழாய்க்குள் உயிருள்ள கிருமியை அடைத்து வைத்திருப்பார்கள். பாலை ஊற்றிச் சூட்டில் வைத்தால், நல்ல பாலில் கிருமி வளர்ந்து ஊதா நிறம் மஞ்சளாகும். மருந்துப் பாலில் அது வளராது, ஊதா ஊதாவாகவே நிற்கும். தயிர் தோய்வதும் இதே கணக்குத்தான் என்று மேற்பார்வையாளர் முதல் நாள் சொல்லிக் கொடுத்தார். பக்கத்தில் எப்போதும் ஒரு நல்ல பாலை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தப்பு பாலிலா கிருமியிலா என்று தெரியாது என்றார். நான் இரண்டு குழாய்களையும் தாங்கியில் வைத்துவிட்டுப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

அத்தை என்னிடம் கேட்டபோது அவளுக்கு விஷயம் தெரியும். கேள்வி மாட்டைப் பற்றியது இல்லை. நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்தாள். இரண்டு டம்ளரையும் தூக்கிக்கொண்டு தர்மகர்த்தா வீட்டுக்கு அவள் நடந்திருந்தால் எட்டு வருஷம் கழித்துக் கிடைத்த இடம் அவளுக்கே இருந்திருக்கும், தெருவில் எங்கள் பாலை ஒருவரும் வாங்கியிருக்க மாட்டார்கள். நான் இல்லை என்றேன், அவள் சரி என்றாள்.

அத்தை இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். போகும்போதெல்லாம் பணத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டுதான் போகிறேன். கொடுத்தால் எதற்கு என்று கேட்பாள். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். தண்டம் ஐந்நூற்று ஒரு ரூபாய். நாங்கள் இன்னும் அவளுக்குத் தரவில்லை.