கோல்மனுக்குச் சொன்ன வார்த்தைகள்

டெல்யா ஹெஷன் டப்ளினில் ஒரு விடுதியில் இருபத்தாறு வருடம் சமையல்காரியாக இருந்துவிட்டு, அயர்லாந்தின் மேற்கே மேயோ கடற்கரையில் எங்கள் ஊருக்கே திரும்பி வந்தவள். நாடகம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள். காரணம் எனக்குத் தெரியும். பாதி எங்கள் வீட்டில்தான் நடந்தது.

அவள் தம்பி கோல்மன் பத்தொன்பது வயதில் நண்டு பிடிக்கப் போனவன். படகு மட்டும் கரை ஒதுங்கியது. ஒன்பது நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. பத்தாம் நாள் அவள் அம்மா ஹனோரா கடலைப் பார்த்து மணலில் உட்கார்ந்து, ஐரிஷ் மொழியில் ஒப்பாரி வைத்தாள். ஒரு வரியில் மாதாவை அழைத்தாள். மறு வரியில், எந்த ஜெபப் புத்தகத்திலும் இல்லாத, கடலுக்கடியில் வாழும் கிழவியை அழைத்தாள். "என் பிள்ளைக்கு ஈரத்துணியை மாத்திவிடு, அவனுக்குக் குளிர் ஆகாது" என்று கெஞ்சினாள். ஃபாதர் முகம் சுளித்தார், தடுக்கவில்லை. டெல்யா பக்கத்தில் நின்றிருந்தாள்.

பிறகுதான் அவள் டப்ளினுக்குப் போனது. அந்த விடுதியில் ஸ்டாஃபர்ட் என்று ஒரு நாடக ஆசிரியர் தங்கியிருந்தார். எழுதியது பாதியில் நின்றுபோய், ஒரு மத்தியானம் சமையலறையில் வந்து உட்கார்ந்தார்.

"உங்க ஊர்ல கடல்ல போனவங்களுக்கு என்ன சொல்லி அழுவாங்க, டெல்யா?"

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அவள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் கண் கலங்கிவிட்டது.

"இதை நான் எடுத்துக்கலாமா? உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே?"

"எதுக்கு சார்? எழுதிக்கோங்க. அம்மா கேட்டா பூரிச்சுப்போவாங்க."

நாடகம் பேர் வாங்கியது. நம் பழைய தெய்வங்களும் சிலுவையும் ஒரே மூச்சில் பேசுவதாகப் பத்திரிகைகள் கொண்டாடின. அதை வெட்டி எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள் டெல்யா. வானொலியில் ஒலிபரப்பப் போகிறார்கள் என்றதும் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தாள்.

ஊரில் எங்கள் வீட்டில்தான் வானொலி இருந்தது. ஞாயிறு மூன்று மணிக்குப் பதினோரு பேர் கூடினோம். என்ன வரப்போகிறது என்று டெல்யா அம்மாவிடம் சொல்லவில்லை. ஹனோரா பூசைக்குப் போடும் கோட்டோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒரு நடிகை அழுத்தந்திருத்தமாக அந்த ஈரத்துணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

"ஹனோரா, இது உன் அழுகையாச்சே!" என்று கத்தினார் பக்கத்து வீட்டு பாட்ஸி. "இனிமே உன்கிட்டப் பேசணும்னா டிக்கெட் வாங்கணும் போலிருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஹனோரா எழுந்து வெளியே போனாள். டெல்யா பின்னாலேயே ஓடினாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

"பிடிக்கலையாம்மா? எவ்வளவு அழகாச் சொன்னா அந்தப் பொண்ணு!"

"அழகாத்தான் சொன்னா." ஹனோரா கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டாள். "அதை நான் அவனுக்குச் சொன்னேன்டி. நீ பக்கத்துல நின்ன, அவ்வளவுதான்."

அதற்குமேல் அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. டப்ளினுக்கு மகளுக்குக் கடிதம் போட்டாள், கிறிஸ்துமஸுக்கு வாத்து அனுப்பினாள். நாலு வருடம் கழித்து அவள் புருஷன் இறந்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது. பெண்கள் எல்லோரும் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து, அவள் ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தார்கள்.

"ஆரம்பி ஹனோரா" என்றாள் என் அம்மா.

"வேண்டாம். யாராவது எழுதிக்குவாங்க."

டெல்யாவை அவள் பார்க்கக்கூட இல்லை. ஃபாதர் ஜெபமாலையைத் தொடங்கினார்.

ஹனோரா இறந்தது ஒரு பிப்ரவரியில். அம்மாவுக்கு நாமாவது ஒப்பாரி வைக்கவேண்டும் என்று டெல்யா தலைமாட்டில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னாள்:

"ஐரிஷ்ல ஒரு வரிகூட வரலை. ரேடியோக்காரி சொன்னதுதான் வாயில வந்துச்சு. அதை எங்கம்மா முன்னாடி எப்படிச் சொல்வேன்? அந்த மனுஷன் கேட்டாரு பாரு, 'உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை'ன்னு. நான்தான் வேண்டாம்னேன்."

ஆறிப்போன தேநீரை அவள் தொட்டியில் ஊற்றினாள்.