என் பாலை விஷம் என்றார்கள்

நான்கு மாதக் குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, இனிமேல் இதற்கு நீ பால் கொடுக்கக் கூடாது என்று சொன்னார்கள். என் உடம்பில் சர்க்கரை வியாதி இருக்கிறதாம். என் பால் விஷமாம். சொன்னது டாக்டர் இல்லை. என் மாமனாரும் என் கணவரின் அக்காளும்.

அறுபதாம் வருஷம் மார்கழி மாதம் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் இது நடந்தது. அந்தக் குழந்தை இன்று பள்ளிக்கூடம் போகிறாள். ஆனாலும் அந்த நாளை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. கார்த்திகை விரதம் இருந்து முருகனைக் கும்பிடும் என் சகோதரிகளே, இப்படி அனுபவம் சொல்கிறவர்கள் சாந்தமாகச் சொல்வார்கள். எனக்கு அது வராது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், பொறுத்துக் கேளுங்கள்.

என் மாமனார் புகையிலை வியாபாரி. அவருக்கு நான்கு வருடமாகச் சர்க்கரை வியாதி. அவருடைய டாக்டர், வீட்டிலேயே தினமும் சிறுநீரைச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். மருந்துக்கடையில் ஒரு நீல மருந்து கிடைக்கும். அதைக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, எட்டுச் சொட்டு நீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நிறம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் கூடுதல், செங்கல் நிறம் வந்தால் ரொம்ப அதிகம். நான் எட்டாவது வரை படித்தவள் என்பதால், கல்யாணமாகி வந்த மாதத்திலிருந்து அந்த வேலை எனக்கு. மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்து நிறத்தைப் பார்ப்பார். "மனுசன் பொய் சொல்லுவான். குழாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பார்.

அந்த வேலை செய்யச் செய்ய எனக்குள் ஒரு பயம் வளர்ந்தது. எனக்குப் பதின்மூன்று வயதில் அம்மா இறந்துபோனாள். காலில் ஒரு முள் குத்தி, அந்தப் புண் ஆறவே இல்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பாள். அவள் சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்க்கும். எங்கள் ஊரில் அதற்குப் பேர் தெரியாது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். திண்டுக்கல்லுக்கு வந்து மாமனாரின் வியாதியைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்கு வந்தது என்னவென்று எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கு வந்தது மகளுக்கும் வருமாமே என்று பயந்து கிடந்தேன்.

ஆவணியில் குழந்தை பிறந்தது. அம்மா இல்லாததால் பிரசவம் புகுந்த வீட்டிலேயே நடந்தது. மாமியாரும் இல்லாத வீடு அது. என் கணவரின் அக்காள், என் மதினி, அவளும் பிள்ளைப் பேற்றுக்கு அப்பா வீட்டுக்கு வந்து, கைக்குழந்தையோடு அங்கேயே இருந்தாள். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

பால் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கு ஓயாத தாகம். உடம்பும் இளைத்தது. மார்கழியில் ஒரு காலை, மாமனாரின் சோதனை முடிந்ததும், யாரும் இல்லாத நேரம் பார்த்து என் நீரைச் சோதித்தேன். கண் முன்னால் நீலம் பச்சையாக மாறியது. அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறைத்திருக்கலாம். என் கணவரிடம் சொன்னேன். அவர் அக்காளிடம் சொன்னார். அன்று மதியத்துக்குள் வீட்டுக்கே தெரிந்துவிட்டது. மாமனார் தன் முன்னாலேயே இன்னொரு முறை செய்யச் சொன்னார். மறுபடியும் பச்சை. உன் அம்மா எதனால் செத்தாள் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன்.

"சீக்கு வீட்டுப் பொண்ண மறைச்சுல்ல கட்டி வச்சுட்டான் ஒங்கப்பன்" என்றார்.

மறைப்பதற்கு என் அப்பாவுக்கு அந்த வியாதியின் பேரே தெரியாதே. அதை நான் சொன்னேன். யார் கேட்டார்கள்?

எனக்குச் சோற்றை நிறுத்தினார்கள். கேழ்வரகுக் களியும் பாகற்காய்ச் சாறும்தான். குழந்தைக்கு என் பாலை நிறுத்தினார்கள். மதினி இரண்டு நாள் தன் பாலைக் கொடுத்தாள், மூன்றாம் நாள் தன் பிள்ளைக்கே பத்தவில்லை என்று சொல்லிவிட்டாள். பிறகு தண்ணீர் கலந்த மாட்டுப் பால். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அடுத்த அறையில் அது பசிக்கு அழும்போது என் ரவிக்கை நனையும். எழுந்து போனால் மதினி வாசலில் நின்று மறிப்பாள். பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. காய்ச்சலும் வந்தது.

தினமும் காலையில் மாமனார் முன்னால் என் நீரை நானே கொதிக்க வைக்க வேண்டும். ஒரு வாரத்தில் பச்சை மஞ்சளாகிவிட்டது. களியைத் தின்று, கசப்பைக் குடித்து, அப்படியும் ஏறுகிறதே என்று நான் நடுங்கிப்போனேன். அம்மா மாதிரி நானும் சாகப்போகிறேன் என்று முடிவே கட்டிவிட்டேன். டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று என் கணவரிடம் கெஞ்சினேன். மாமனார் விடவில்லை. குழாயே சொல்லும்போது டாக்டர் எதற்கு, வெளியே தெரிந்தால் குடும்பத்துக்குக் கேவலம் என்றார். தனக்கு வந்தபோது மட்டும் அது கேவலமாக இல்லை.

தை பிறந்ததும் கடிதம் போட்டு என் அப்பாவை வரவழைத்தார்கள். கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். குழந்தையை மட்டும் தர மாட்டார்களாம், அது அவர்கள் வீட்டு ரத்தமாம். என் கணவர் வாசற்படியில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கொஞ்ச நாள் இருந்துட்டு வா" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நாளுக்கு அப்புறம் என்ன என்று அவரும் சொல்லவில்லை. அவருக்கு வேறு பெண் பார்க்கப் போகிறார்கள் என்று பக்கத்து வீட்டம்மாள் என் காதில் போட்டாள்.

என் ஊர் பழனிக்கு அந்தப் பக்கம், கீரனூர். அப்பாவுக்குக் கொஞ்சம் சோளக்காடு இருந்தது. ஊர் போய்ச் சேர்ந்து இரண்டு நாள் பேச்சில்லாமல் கிடந்தேன். கட்டின பாலைப் பீய்ச்சி முருங்கை மரத்தடியில் ஊற்றுவேன். அங்கே என் பிள்ளை பாலுக்கு அழுகிறது. இங்கே மரம் குடிக்கிறது.

மூன்றாம் நாள் தைக் கார்த்திகை. பழனி மலைக்குக் கூட்டிப் போங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். இந்தக் காய்ச்சலோடு படியேற முடியாது கண்ணு என்றார் அவர். பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் வைக்காமல் ஏறினேன். பூசத்துக்கு ஐந்தே நாள் இருந்தது. காவடியும் கூட்டமுமாக மலை நிறைந்திருந்தது. சன்னதிக்கு முன்னால் போய் நின்றபோது, எல்லோரும் கைகூப்பி உருகிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உருகவில்லை. வாய்விட்டே கேட்டேன்.

"ஒரு பழத்துக்குக் கோவிச்சுக்கிட்டு வந்து இங்க நின்னவன்தானே நீ. எங்கிட்ட பறிச்சது பழம் இல்ல, புள்ள. எனக்குச் சீக்கு இருந்தா இருக்குன்னு சொல்லு. இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. நீ சொல்லுற வரைக்கும் இனிமே இந்தப் படி ஏற மாட்டேன்."

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. பாதி இறங்குவதற்குள் குளிர் நடுக்கி, ஒரு படியில் உட்கார்ந்துவிட்டேன். சன்னதியில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மாள் எங்களைத் தாண்டிப் போனவள், திரும்பி ஏறி வந்தாள். அடிவாரத்துப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கிறவளாம், கார்த்திகைக்காக மலையேறியிருக்கிறாள். என் ரவிக்கை நனைந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, புள்ள எங்கீங்க?" என்று கேட்டாள். பதினைந்து நாளாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அப்போதுதான் அழுதேன்.

அவளே கையைப் பிடித்து இறக்கி, நேராக அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். லேடி டாக்டர் என் கதை முழுவதையும் கேட்டார். காலையிலிருந்து என்ன சாப்பிட்டாய் என்றார். ஒன்றுமில்லை, விரதம் என்றேன். "நல்லதாப் போச்சு, வெறும் வயித்துலதான் ரத்தம் எடுக்கணும்" என்றார். நீரையும் சோதித்தார்கள். அதே நீல மருந்து, அதே மஞ்சள். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு கையில் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரைத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, விட்டு விட்டு மறுபடியும் எடுத்தார்கள். மதியத்துக்கு மேல் டாக்டர் அம்மா ஒரு காகிதத்தோடு வந்தார்.

"உனக்கு யாரும்மா சர்க்கரை வியாதின்னு சொன்னது? உன் ரத்தம் சுத்தமா இருக்கு."

நிறம் மாறியதே என்றேன். அவர் நிதானமாக விளக்கினார். பால் கொடுப்பவளுக்குத் தாகமும் இளைப்பும் சகஜமாம். சர்க்கரையில் பல வகை உண்டாம். தாய்ப்பாலின் இனிப்பும் ஒரு வகைச் சர்க்கரைதான். பால் கொடுக்கும் பெண்கள் சிலருக்கு அது ரத்தத்தில் கலந்து நீரில் இறங்கும். அந்த நீல மருந்து எந்தச் சர்க்கரைக்கும் நிறம் மாறும், இது வியாதி, இது பால் என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. குழந்தை குடிக்காமல் பால் கட்டினால் இன்னும் கூடுதலாக இறங்கும். அதனால்தான் பச்சை மஞ்சளாயிற்று.

கேட்டீர்களா சகோதரிகளே? என் பிள்ளையைப் பிரித்ததனால் நிறம் ஏறியது. நிறம் ஏறியதைக் காட்டி என் பிள்ளையை இன்னும் தூரமாக வைத்தார்கள். களியும் கசப்பும் அதை எப்படி இறக்கும்?

இன்னொன்றும் டாக்டர் அம்மா சொன்னார். இதைச் சொல்லும்போது அவருக்கே கோபம் வந்தது. "நிசமாவே சர்க்கரை வியாதி இருந்தாக்கூடத் தாய்ப்பால் விஷமாகாது. போய் முதல்ல புள்ளைய எடு."

எல்லாவற்றையும் ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் முதல் பஸ்ஸில் அப்பாவும் நானும் திண்டுக்கல் வந்து இறங்கினோம்.

குழந்தையைப் பார்த்தேன். கை கால் குச்சியாகி, கண் உள்ளே போயிருந்தது. எடுக்கப் போனால் மதினி தடுத்தாள். அப்பா கடிதத்தை நீட்டினார். சம்பந்திங்க, ஒரு தடவை படிச்சுப் பாருங்க என்று கும்பிட்டார். மாமனார் படித்தார். படித்துவிட்டு மடித்துக் கீழே வைத்தார். காகிதத்தில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், குழாய் சொன்னதுதான் நிசம் என்றார்.

என் வாயில் அந்த வார்த்தை எப்படி வந்ததென்று எனக்குத் தெரியாது.

"சரிங்க மாமா. மதினியும் புள்ளைக்குப் பால் குடுக்குறவங்கதானே. அவங்க நீரையும் கொதிக்க வச்சுப் பாப்போம்."

நான் அசிங்கமாகப் பேசுகிறேன் என்று மதினி கத்தினாள். அப்போது என் கணவர், அத்தனை நாளும் ஊமையாக இருந்தவர், "கொண்டு வாக்கா" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் எழுந்து போனாள்.

விளக்கை நான்தான் ஏற்றினேன். எட்டுச் சொட்டு எண்ணி விட்டேன். ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கொதித்தது. முதலில் நீலமாகவே இருந்தது. பிறகு அடியிலிருந்து பச்சை ஏறி, குழாய் முழுக்கப் பரவியது.

"மதினி மடியில இருக்கிற புள்ளையையும் எடுத்துருவமா மாமா?" என்று கேட்டேன்.

மாமனார் விளக்கை ஊதி அணைத்தார். மதினி தன் பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அலற ஆரம்பித்தாள். நான் பதினைந்து நாள் பட்டதெல்லாம் அவள் முகத்தில் அந்த ஒரு நொடியில் தெரிந்தது. சந்தோஷப்பட்டேனா என்றால், பட்டேன். அதற்காக முருகனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். பிறகு நானே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதைச் சொல்லி, உங்களுக்கு ஒன்றும் இல்லை, எனக்கும் ஒன்றும் இல்லை என்றேன்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பால் கொடுக்கிற எல்லோருக்கும் நிறம் மாறும் என்று டாக்டர் அம்மா சொல்லவில்லை. சிலருக்கு என்றுதான் சொன்னார். மதினிக்கு மாறாமல் போயிருந்தால் அந்தக் கடிதம் குப்பைக்குத்தான் போயிருக்கும், நானும் திரும்பப் போயிருப்பேன். அதை யோசிக்காமலே கேட்டேன். என்னைக் கேட்க வைத்தவன் யார்? படியில் உட்கார்ந்தவளுக்கு ஆயாவை அனுப்பியவன் யார்? சொல் என்று கேட்டேன், அவன் சொல்லிவிட்டான்.

குழந்தையை மடியில் போட்டேன். அதற்குக் குடிக்கவே மறந்திருந்தது. முகத்தைத் திருப்பி அழுதது. செத்த நேரம் கழித்து வாய் பிடித்தது. வயிறு நேராகப் பத்து நாள் ஆனது. தை முடிவதற்குள் முகம் தெளிந்துவிட்டது.

என்னைப் பார்த்து இப்போது எங்கள் தெருப் பெண்கள் நீர் சோதித்துப் பார்க்க வருகிறார்கள். செய்து கொடுக்கிறேன். சோதிப்பது தப்பில்லை. நானும் மாதம் ஒரு முறை பார்க்கிறேன், வருடம் ஒரு முறை ரத்தமும் கொடுக்கிறேன். அம்மாவுக்கு வந்தது எனக்கு ஒரு நாள் வரலாம் என்று டாக்டர் அம்மா ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். வந்தால் மருந்து சாப்பிடுவேன். முன்னைப் போல நடுங்க மாட்டேன். நிறம் மாறினால் உடனே ரத்தம் பார்க்கப் போங்கள் என்று வருகிறவர்களிடம் சொல்கிறேன். யார் மடியிலிருந்தும் பிள்ளையை எடுக்காதீர்கள் என்றும் சொல்கிறேன்.

என் கணவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், ஏற்றுக்கொண்டேன். மதினி கேட்கவில்லை, ஆனால் வருகிறபோதெல்லாம் என் மகளுக்குப் பூ வாங்கி வருகிறாள். மாமனார் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு மனசார மன்னிப்பு எனக்கு இன்னும் வரவில்லை. அதையும் முருகனிடம் சொல்லிவிட்டேன், அவன் பார்த்துக்கொள்வான்.

அவனுக்கு முன்னால் போய் நல்ல பிள்ளையாக நடிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு அநியாயம் நடந்தால் அநியாயம் என்றே சொல்லுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே போங்கள். நம்பிப் போனவளை அவன் வெறும் கையோடு இறக்கிவிடவில்லை. வருகிற தைக் கார்த்திகைக்கு நானும் என் மகளும் படியேறுகிறோம். பாரம் இருக்கிறவர்கள் எங்களோடு வாருங்கள், சேர்ந்து ஏறுவோம்.