தொண்ணூற்று நாலாம் ஆண்டுக் கல்யாணம்

சிவமணிக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிழை என்று ஒன்றைக் கண்டால் கை சும்மா இராது. பள்ளிக்கூடத்தில் அதை நற்குணம் என்று சொல்லிப் பரிசும் கொடுத்தார்கள். அது எப்பேர்ப்பட்ட வியாதி என்று அறிந்துகொள்ள அவள் இருபத்தேழு வயது வரை, ஒரு தூதரகத்தின் கண்ணாடி யன்னலுக்கு முன்னால் போய் உட்காரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

போரால் யாழ்ப்பாணத்துத் தரைப்பாதை மூடிய மறு வருடம், இரண்டாயிரத்து ஏழு அது. வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் தாய் இரத்தினம்மாவோடு ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். வடக்கிலிருந்து வந்தவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய பொலிஸ் பதிவில், கொழும்பில் தங்கியிருக்கும் காரணம் ‘விசா’ என்று எழுதியிருந்தது. கணவன் குகனேசன் பனி கொட்டும் நாடொன்றில் ஒரு சாப்பாட்டுக் கடையின் அடுப்படியில் நின்றான். அவனிடம் போக விசா வேண்டும். அது வரும்வரை கொழும்பில் இருப்பதற்கு, அது இன்னும் வரவில்லை என்பதே நியாயம். விசா இல்லை என்று சொல்லிவிட்டால் புருஷனும் இல்லை, கொழும்பும் இல்லை. ஊருக்குத் திரும்பக் கப்பலில் இடம் கேட்டு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இதற்கிடையில் அவள் கொட்டாஞ்சேனையில் ஹியூபேட்டின் ஸ்ரூடியோவில் வேலை பார்த்தாள். ஹியூபேட்டுக்குப் படம் பிடிக்கத் தெரியும். பிடித்த படத்தோடு மல்லுக்கட்டத் தெரியாது. அந்த நாட்களில் கொட்டாஞ்சேனையில் பாதிப் பேர் எங்கேயோ போகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாட்டுக்கு இரண்டு காதும் தெரிய வேண்டும், இன்னொன்றுக்குப் பின்னணி பால்வெள்ளையாக இருக்க வேண்டும், மற்றொன்றுக்கு வெள்ளையே ஆகாது, சாம்பல்தான் வேண்டும். நூறு முகங்களை ஒரே மூச்சில் வெட்டி, நிமிர்த்தி, வெளுப்பாக்கும் மென்பொருள் ஒன்றை அவள் ஜாவாவில் எழுதிக்கொண்டிருந்தாள். நடைபாதையில் வாங்கிய போட்டோஷொப் அந்தக் கொம்பியூட்டரில் ஏற்கெனவே இருந்தது. கள்ளச் சாமானைத் தொடமாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். அதற்கு அடியில் கிடந்த விண்டோஸும் அதே நடைபாதையில் வாங்கியதுதான் என்று ஹியூபேட் சுட்டிக்காட்டியபோது, “அது நான் வரமுதலே இருந்தது, அங்கிள்” என்றாள்.

ஜாவா அவளை இலேசில் விடவில்லை. சாய்ந்த படத்தைத் திருப்பு என்றால் அது படத்தின் நடுவைப் பிடித்துத் திருப்பாது. இடது மேல் மூலையில் ஆணி அடித்துக்கொண்டு திருப்பும். ஒற்றை ஆணியில் தொங்கும் கலண்டர் காற்றுக்கு ஆடுவதுபோல முகம் சட்டத்தை விட்டு வெளியே போய்விடும். படத்தின் நடுவை அந்த மூலைக்குக் கொண்டுபோய், அங்கே திருப்பி, பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதிலும் இந்த மூன்றையும் நிரலில் தலைகீழ் வரிசையில் எழுத வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு கிழமை போனது. அதற்குள் கொட்டாஞ்சேனைக் கோயில்சபைத் தலைவரின் காது மட்டும் மிஞ்சிய படம் ஒன்று அச்சாகிவிட்டது.

பிறகு எல்லாரும் ரோஸ் நிறமானார்கள்.

“என்ன மிஸ் இது,” என்றார் ஹியூபேட், அச்சுத் தாளைத் தூக்கிப் பிடித்து. “ஊர்ல உள்ள அவ்வளவு பேருக்கும் ஒரே நாள்ல வெயில் சுட்ட மாதிரி.”

“சிவப்பு, பச்சை, நீலத்தோட நாலாவதா ஒரு எண் இருக்கு, அங்கிள். பின்னால இருக்கிறது எவ்வளவு ஊடாகத் தெரியும் எண்டு சொல்ற எண். அதையும் சேர்த்து ஜேபெக்கா எழுதினா, திறக்கிற மென்பொருள் அதையும் ஒரு நிறம் எண்டு நினைக்குது.”

“அது என்னத்தையும் நினைக்கட்டும். நாளைக்கு கஸ்டமர் வந்து என்ன நினைப்பான்?”

நாலாவது எண்ணை எடுத்து எறிந்தாள். முகங்கள் பழையபடி கறுத்தன. ஹியூபேட், கொஞ்சம் ரோஸ் விட்டிருந்தால் சிலருக்குப் பிடித்திருக்கும் என்றார்.

இப்படி ஊரார் முகத்தையெல்லாம் தூதரகங்களுக்கு ஏற்றபடி செய்துகொடுத்தவளின் சொந்தக் கல்யாணத்தைத்தான் தூதரகம் நம்ப மறுத்தது.

குகனேசன் அகதியாகப் போனவன், இந்த மண்ணில் கால் வைக்க முடியாது. ஆகையால் கல்யாணம் சென்னையில், வடபழனிப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. அந்த ஊர்ப் படக்காரர் தொழிலில் பக்தி உள்ளவர். கல்யாண அல்பத்தின் முதல் பக்கத்தில் மணமக்கள் அன்னப் பறவையின் முதுகில் இருந்தார்கள். நடுப் பக்கத்தில் பனிமலை அடிவாரத்தில் பூக்களுக்கு நடுவே நின்றார்கள். கடைசியில் தாஜ்மகால், மேகத்தில் இதய வடிவம். முதல் நேர்காணலில் அதிகாரி அல்பத்தை ஆறுதலாகப் புரட்டினார். அவர் கேட்டதைத் தமிழில் சொல்லப் பக்கத்தில் புளோறன்ஸ் என்ற நடுத்தர வயதுப் பெண் இருந்தார். சிவமணிக்கு ஆங்கிலம் விளங்கும். ஆனாலும் தமிழிலேயே பதில் சொல்ல வேண்டும் என்பது விதி.

“இந்த மலைக்கு எப்போது போனீங்க எண்டு கேக்கிறார்.”

“போகேல்லை.”

“தாஜ்மகாலுக்கு?”

“அதுக்கும் போகேல்லை.”

“அப்ப கல்யாணம் முடிஞ்சு எங்கதான் போனீங்க?”

“மெரினாவுக்கு. அங்கை ஆரும் படம் எடுக்கேல்லை.”

அதிகாரி கெட்டவர் அல்ல. மலையடிவாரத்தில் உங்களை நிறுத்தியவருக்கு உங்கள் பக்கத்தில் இவரை நிறுத்துவதும் கஷ்டமில்லையே என்று சாந்தமாகக் கேட்டார். சொந்தக்காரர் யாராவது எடுத்த சாதாரணப் படங்களை அடுத்த மாதம் கொண்டுவரச் சொன்னார்.

சாதாரணப் படம் எடுத்தவர் ஒருவர் இருந்தார். தாய்மாமன் சண்முகலிங்கம், ஓய்வுபெற்ற தபால் அதிபர். ஜேர்மனியிலிருந்து மகன் அனுப்பிய பழைய பிலிம் கமராவால் ஒரு சுருள் முழுக்க எடுத்துத் தள்ளியிருந்தார். ஒவ்வொரு படமும் ஒரு பக்கம் சரிந்திருந்தது. எல்லாருடைய கண்ணும் பேய்க்கண்ணாகச் சிவந்திருந்தது. கீழ் மூலையில் செம்மஞ்சள் எண்களில் திகதி விழுந்திருந்தது. அந்தத் திகதியின்படி கல்யாணம் தொண்ணூற்று நாலாம் ஆண்டில் நடந்திருந்தது. அந்த வருடம் சிவமணி பதினாலு வயதில் இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

“மாமா, இந்தத் திகதியை நீங்கள் ஒருநாளும் சரிப்பண்ணேல்லையே?”

“புத்தகம் முழுக்க ஜேர்மன் பாஷை, பிள்ளை. மணிக்கூடு ஓடுதுதானே. எந்த வருசத்திலை ஓடுதெண்டது அதின்ரை பாடு.”

அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கை சும்மா இராதே. படங்களை ஸ்ரூடியோவில் ஸ்கேன் பண்ணித் தன் மென்பொருளுக்குள் விட்டாள். சரிவு நிமிர்ந்தது. சிவந்த கண்ணுக்கு ஒரு சின்ன நிரல் எழுதினாள்: எந்தப் புள்ளியில் சிவப்பு மற்ற இரண்டு நிறங்களையும் விட இரண்டு மடங்கு இருக்கிறதோ அந்தப் புள்ளியின் சிவப்பைத் தணித்துவிடு. ஆங்கிலப் புத்தகத்தில் இருந்த உதாரணத்தில் அது அழகாக வேலை செய்தது. புத்தகம் எழுதியவர் தமிழ்க் கல்யாணத்துக்குப் போனவர் அல்ல. சிவப்புக் கூறைச்சேலை சாம்பலாயிற்று, வகிட்டுக் குங்குமம் மறைந்தது, நெற்றி வெறுமையாயிற்று. அச்சடித்ததைச் சரியாகப் பாராமல் அவள் வீட்டுக்குக் கொண்டுவர, இரத்தினம்மா முதல் படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்தார்.

“ஆரடி உனக்குப் பொட்டை அழிச்சது?”

“புரோகிராம், அம்மா.”

“அது ஆர்? அவனுக்கு ஒரு தாய் சகோதரம் இல்லையோ?”

நிரலைத் திருத்தி, முகத்துக்குள், அதுவும் புருவத்துக்குக் கீழே மட்டும் தேடு என்று கட்டுப்படுத்தினாள். பொட்டு திரும்பி வந்தது. மிஞ்சியது திகதி. பிழையான திகதியைக் கண்டால் அதிகாரி கேள்வி கேட்பார். ஆகவே அதை எடுத்துவிடுவதுதான் நேர்மை என்று நினைத்தாள். பொய்யை அழித்தால் மிச்சம் உண்மையாகத்தான் இருக்கும் என்பது நிரல் எழுதுகிறவர்களின் மூடநம்பிக்கை. எண்களுக்குப் பக்கத்திலிருந்து ஒரு துண்டுக் கம்பளத்தை வெட்டி, ஓரத்தை மெழுகி, எண்களுக்கு மேல் ஒட்டினாள். சுத்தமான வேலை. ஒரு படத்தை மட்டும் திருத்தாமல், மாமாவிடம் திருப்பிக் கொடுத்த அசல் படங்களின் உறைக்குள் அப்படியே விட்டாள். பந்தியில் குகனேசன் பாயாச வாளியைக் காலால் தட்டிவிட்ட மறுகணம் மாமா எடுத்தது அது: மணப்பெண் வாயைத் திறந்தபடி, மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி, பின்னால் பிளாஸ்டிக் கதிரைகள். எந்த மென்பொருளாலும் அதைக் கரையேற்ற முடியாது.

இரண்டாம் நேர்காணலில் அதிகாரி படங்களை மேசையில் பரப்பினார். பிறகு ஒன்றை எடுத்து விரலை வைத்தார். மண்டபத்துக் கம்பளத்தில் சாம்பிராணித் தணல் விழுந்து சுட்ட கறுப்புத் தழும்பு ஒன்று இருந்தது. ஒரு சாண் தள்ளி அதே தழும்பு, அதே வடிவில், இன்னொரு தரம் இருந்தது.

விண்ணப்பத்தைத் திருப்பித் தொழில் என்ற இடத்தைப் படித்தார். புளோறன்ஸ் சொன்னார்: “நீங்க படங்களை மாத்துற மென்பொருள் எழுதுறவங்களாம். அந்த அல்பத்தில செஞ்ச மாதிரி உங்களாலயும் செய்ய ஏலுமா எண்டு கேக்கிறார்.”

பொய் சொல்லத் தெரியாதது அவளுடைய இரண்டாவது வியாதி. “அதைவிட நல்லாச் செய்வன்.”

புளோறன்ஸ் அவளைப் பார்த்தார். “இத நான் அப்படியே சொல்லட்டா?”

“சொல்லுங்கோ.”

சொன்னார். அதன்பிறகு சிவமணி திகதியைப் பற்றி, கமராவைப் பற்றி, ஜேர்மன் புத்தகத்தைப் பற்றி விளக்க விளக்க, கல்யாணம் மேலும் மேலும் பொய்யாகிக்கொண்டே போனது. கமராவையும் நெகட்டிவ்வையும் கொண்டுவாருங்கள், இதுதான் கடைசித் தடவை என்றார் அதிகாரி.

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு வழி வெளித்தது. கமராவின் மணிக்கூடு வருடத்தில்தான் பிழை, ஓட்டத்தில் பிழை இல்லை. கல்யாணத்தன்று எவ்வளவு பின்தங்கியிருந்ததோ இன்றும் அவ்வளவுதான் பின்தங்கியிருக்கும். அதிகாரியின் மேசையில் கமராவை வைத்து, இன்றைய திகதியைக் காட்டினால் போதும். அவரே கூட்டிக் கழித்துக்கொள்வார். நேரே மாமா வீட்டுக்குப் போனாள்.

மாமா கமராவைத் துடைத்து, உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். முகத்தில் ஒரு பெருமிதம்.

“உன்ரை பாட்டை அம்மா போன கிழமையே சொன்னவ, பிள்ளை. திகதியாலைதானே இவ்வளவு கரைச்சலும். நுகேகொடைக்குக் கொண்டுபோய் ஒரு கடைக்காரனிட்டைக் குடுத்தன். இப்ப நிமிசம் பிசகாமல் காட்டுது பார்.”

சிவமணி பார்த்தாள். நிமிசம் பிசகாமல்தான் காட்டியது.

“ஆர் மாமா உங்களைக் கேட்டது?” என்றாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. “இவ்வளவு காலமும் பிழையா விட்டனீங்கள். இன்னும் ஒரு கிழமை விட்டிருக்கக் கூடாதே?”

“பிழையா இருந்ததைத் திருத்தினதுக்கு ஏன் கோவிக்கிறாய்? நீயும் அதைத்தானே செய்தனி.”

இனிப் பயன்படாத கமராவை அவள் அங்கேயே விட்டாள். நெகட்டிவ்வும் அசல் படங்களும் இருந்த உறையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அன்று தொலைபேசியில் குகனேசனிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அவன் கேட்டான்: “அந்தப் பாயாசப் படமும் அதுக்குள்ளையோ? அதைக் காட்டிப் போடாதையும். எனக்கு வெக்கம்.”

“உங்களுக்கு வெக்கமோ? சேலை என்ரை.”

மூன்றாம் நேர்காணலில் அவள் நெகட்டிவ்வை மேசையில் வைத்தாள். தொண்ணூற்று நாலு என்ற எண் அதில் பளிச்சென்று இருந்தது. இனி விளக்கத் தெம்பில்லை. கேட்டால் சொல்வோம் என்று இருந்தாள். அதிகாரி நெகட்டிவ்வைத் தொடவில்லை. உறையைக் கவிழ்த்து அசல் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனவர் ஒன்றில் நின்றார். அவள் எட்டிப் பார்த்தாள். வாயைத் திறந்தபடி மணப்பெண்.

“இங்க என்ன நடக்குது எண்டு கேக்கிறார்.”

“ஒண்டுமில்லை. அது சரியில்லாத படம்.”

“என்ன நடக்குது எண்டுதான் கேக்கிறார்.”

இவ்வளவு நாளும் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. “வாளியைத் தள்ளி வையுங்கோ எண்டு ரெண்டு தரம் சொன்னனான். கேக்கேல்லை. அங்கை ஆரோ சிநேகிதனோடை கதை. திரும்பேக்கை காலாலை தட்டி, முழுப் பாயாசமும் கூறையிலை. அதுவும் சுடச்சுட. நான் துள்ளுறன், அந்தாள் நிலத்தைப் பாத்துக்கொண்டு சொல்லுது, சீனிதானே, கழுவினால் போயிடும் எண்டு. போகேல்லை. இண்டைக்கும் கறை கிடக்குது. வேணுமெண்டால் சேலையைக் கொண்டுவந்து காட்டுறன்.”

புளோறன்ஸ் ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய குரலும் ஏறியது. அவர் வீட்டிலும் ஒரு வாளி கவிழ்ந்திருக்க வேண்டும். அதிகாரி ஏதோ கேட்டார்.

“மன்னிப்புக் கேட்டாரா எண்டு கேக்கிறார்.”

“எங்கை? போன கிழமையும் ஃபோனிலை சொன்னனான். சிரிக்கிறார்.”

அதிகாரி தலையைக் குனிந்து கொஞ்சநேரம் எழுதினார். படங்களை உறைக்குள் போட்டு அவள் பக்கம் தள்ளினார்.

“பாஸ்போட்டத் தந்துட்டுப் போகச் சொல்றார்,” என்றார் புளோறன்ஸ். “விசா அடிச்சுத் தருவாங்களாம்.”

“ஏன்?” என்றாள் சிவமணி. “நெகட்டிவ்வைப் பாக்கேல்லையே. திகதி ஏன் பிழை எண்டு நான் இன்னும் சொல்லேல்லை.”

“பிள்ளை,” என்றார் புளோறன்ஸ், தாழ்ந்த குரலில். “எழும்புங்க.”

ஹியூபேட் செய்தி கேட்டுச் சந்தோஷப்பட்டார். அடுத்த கணம் இனி வெள்ளைப் பின்னணிக்கு யார் இருக்கிறார்கள் என்று கவலைப்பட்டார். பாயாசப் படத்தை வாங்கிப் பார்த்து, “கொஞ்சம் நிமித்தி விடலாமே மிஸ்” என்றார். அவள் அதைப் பறித்து உறைக்குள் வைத்தாள்.

பாஸ்போட் விசாவோடு திரும்பி வந்த அன்று சிவமணி மேசையில் இருந்த பொலிஸ் பதிவை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொழும்பில் தங்கியிருக்கும் காரணம்: விசா. விசாதான் வந்துவிட்டதே. அப்படியானால் இந்த நிமிடத்திலிருந்து அவள் கொழும்பில் இருக்கக் காரணமே இல்லை. விமானம் அடுத்த கிழமைதான்.

“அம்மா, இது இப்ப பிழையெல்லோ. ஸ்ரேசனுக்குப் போய்ச் சொல்லி மாத்தவேணும்.”

இரத்தினம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்து, பதிவை அவளுடைய கையிலிருந்து வாங்கி, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினார்.

“பிழையாவே கிடக்கட்டும். வந்து சாப்பிடு.”

சாமிப் படம் ஒரு பக்கம் சரிந்தது. சிவமணி அதைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். பிறகு போய்ச் சாப்பிட இருந்தாள்.