ஆடிக் காற்றும் அம்மாவின் இருமலும்

தோடம்பழம் என்கிற ஆரஞ்சின் உலர்ந்த தோலை இஞ்சியோடு கொதிக்கவைக்கும்போது எழுகிற கசப்பும் இனிப்புமான மணம், மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த மாடி அறையின் முதல் படியில் கால் வைத்ததுமே மூக்கில் ஏறும். அங்கே ஊசி குத்தி வைத்தியம் பார்த்த அம்மையாரை ஊரார் 'சீன நோனா' என்பார்கள். அவருடைய தகப்பனார் சைக்கிளில் துணி மூட்டை கட்டி விற்க வந்த சீனர். நோனாவோ இங்கேயே பிறந்து சிங்களம் பேசி வளர்ந்தவர். என் அம்மா ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து உக்குவளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவருடைய சிங்களம் மரக்கறி வாங்க மட்டுமே போதும். அதனால் இருவருக்கும் நடுவில் பேச, பத்து வயதுச் சிறுமியான நான் கூடப் போவேன்.

அம்மாவின் இருமல் ஆடிக் காற்றோடுதான் வரும். "காத்துக்கு வந்தது, காத்தோட போயிரும்" என்பார் தபால் கந்தோரில் வேலை பார்த்த அப்பா. அந்த வருடம் அது போகவில்லை. இரண்டு சொல் சேர்த்துப் பேச முடியாமல் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் நோனாவிடம் போனோம். அவர் முதலில் ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்துவரச் சொன்னார். படத்தில் பழுதொன்றும் இல்லை.

அறைச் சுவரில் ஒரு வட்டப் படம் தொங்கியது. வசந்தம் கல்லீரலுக்கு, கோடை இதயத்துக்கு, கோடையின் கடைசி மண்ணீரலுக்கு, இலையுதிர் காலம் நுரையீரலுக்கு, குளிர்காலம் சிறுநீரகத்துக்கு என்று விளக்கிய நோனாவிடம், நம் ஊரில் இலை எங்கே உதிர்கிறது என்று கேட்டேன். அவர் சிரித்தார். இலை உதிராவிட்டால் என்ன, இந்தக் காற்றுக்கு உன் உதடு வெடித்திருக்கிறதே, இந்த வறட்சிதான் நுரையீரலின் காலம் என்றார்.

மூன்றாம் தடவை போனபோது நோனா ஊசிகளைக் குத்திவிட்டு, அம்மாவின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நுரையீரலில் தங்குவது துக்கம், யாருக்காக அழாமல் விட்டாள் என்று கேள் என்றார். கேட்பது இன்னதென்று புரியாமலே நான் சொன்னேன்:

"அம்மா, யாரு செத்ததுக்கு நீங்க அழுவலன்னு கேக்குறாங்க."

அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"ஒனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா. ஒன்றரை வயசுல காய்ச்சல்ல போயிட்டா. அப்ப நீ வயித்துல. 'அழுவாத, உள்ள இருக்கறதுக்கு ஆகாது'ன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் அழுவல."

இதை நான் சிங்களத்தில் சொல்லியாக வேண்டும். நோனா காத்திருந்தார். "மகே அக்கா," என் அக்கா, என்று மட்டும் சொன்னேன். சிங்களத்திலும் அக்கா அக்காதான். அந்தச் சொல்லை எனக்கே சொந்தமான ஒருத்திக்கு நான் சொன்னது அதுவே முதல் முறை.

அம்மா அழத் தொடங்கினார். வாயை முந்தானையால் பொத்தியும் சத்தம் அடங்கவில்லை. நோனா ஊசிகளை எடுத்துவிட்டு, வெளியே காத்திருந்தவர்களிடம் பிறகு வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். என்னால்தானே அம்மா அழாமல் இருந்தார் என்று நினைத்துக் கதவோரம் ஒதுங்கி நின்றேன். வீடு திரும்பும் ரயிலில் பயந்து பயந்து கேட்டேன், "பேரு என்னாம்மா?"

"செல்வி," என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். உக்குவளை வரும்வரை விடவில்லை.

சில வாரங்களில் இருமல் தணிந்தது. ஊசியாலா, நோனா தந்த தோடம்பழத் தோல் கஷாயத்தாலா, அழுகையாலா, காற்று ஓய்ந்ததாலா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. நோனா வெளிநாட்டிலிருந்த மகனிடம் போய்விட்டார். அந்த மாடியில் இப்போது கைபேசி திருத்தும் கடை இருக்கிறது; வட்டப் படம் எங்கே போனதோ.

போன மாதம் அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். படிவம் நிரப்பிய தாதி, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

"ரெண்டு," என்றார் அம்மா. "மூத்தவ செல்வி, தவறிட்டா. இவ சின்னவ."

தாதி 'இரண்டு' என்று எழுதிக்கொண்டார்.